மூன்றாவது லேன்

ஞாயிறு காலை எட்டரை.
சிப்காட் பஸ்ஸில் மடியோடு வந்த பெட்டியைக்
கவுண்டரில் வைத்ததும்
நிமிராமலே சொன்னார் குணாளன்:
"மேஜ மேல வைக்காத, கீறல் வுழும்."
மேஜையில் ஏற்கெனவே
டீ கிளாஸ் வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று,
எங்கள் இலக்குத் தாளைப் போலவே.

ராணிப்பேட்டையில் வாரம் ஆறு நாள்
மைக்ரோமீட்டர் பிடிக்கிறவள் நான்.
ஷாஃப்ட் ஒரு முடியளவு பருத்தாலும் ரிஜெக்ட்.
இந்த விளையாட்டு பிடித்ததும் அதனால்தான்.
பத்து மீட்டருக்கு அப்பால்
பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர்.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால்
அதுகூடத் தெரியும்.
இரண்டடி தள்ளி நிற்கிற என்னை
குணாளனுக்குத் தெரியவில்லை, ஒன்றரை வருஷம்.

கட்டணம் நூற்றைம்பது. இருநூறாகக் கொடுத்தால்
"சில்லற இல்ல, அப்பறம் வாங்கிக்க."
ரசீது புக்கு பொங்கலிலேயே தீர்ந்துபோனது.
ஐந்நூறு குண்டு டப்பாவில்
நானூற்று எழுபத்தெட்டு.
எண்ணிப் பார்த்தேன், எண்ணுவது என் வேலை.
"கம்பெனில கேளு."

தாளை இழுத்துவரும் மோட்டார் மார்கழியில் நின்றது.
சித்திரையிலும் நின்றபடியே.
யாராவது ஒருவர் தாள் மாற்ற வேண்டுமென்றால்
எல்லோரும் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக்
காத்திருப்போம், வியர்வை கண்ணில் இறங்க.
விசிறி மூன்றாவது லேனுக்கு மட்டும்தான்.
அது செயலாளர் மகனுக்கு.
அவனை நான் பார்த்ததே இல்லை.
விசிறி சுற்றும்,
சத்துவாச்சாரி வெயிலில்,
ஒரு காலி நாற்காலிக்கு.

மேல்விஷாரத்து ஷம்சுநிஸா ஒருநாள்
கழிவறைச் சாவி கேட்டாள்.
"பொம்பளைங்க வருவீங்கன்னு நெனச்சா கட்டுனாங்க?"
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பதிவேட்டில் வெளியேறும் நேரம் 9.40 என்று எழுதி
பேனாவை மூடி வைத்தாள்.
அப்புறம் ஆம்பூர் ஷூ கம்பெனி இன்பராஜ்.
அப்புறம் ஓட்டேரிப் பையன்கள் இரண்டு பேரும்.
ஒருத்தரும் சண்டை போடவில்லை.
போட்டிருந்தால் ஒருவேளை
நிமிர்ந்திருப்பார்.

நான் எப்போது நின்றேன் என்று
எனக்கே சரியாகத் தெரியாது.
ஒரு ஞாயிறு துணி நனைத்துவிட்டேன், அவ்வளவுதான்.
சமையலறைச் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து
குண்டில்லாமல் குறி பார்த்தேன், தினமும் அரைமணி.
அழுக்கென்று நினைத்து
என் வீட்டுக்காரர் இரண்டு முறை துடைத்துவிட்டார்.

ஆடியில், காட்பாடி பிளாட்பாரத்தில்
சென்னை வண்டிக்கு நிற்கும்போது
டீக்கடை ஓரம் ஒரு நீளக் கறுப்புப் பெட்டி.
பெட்டிக்குப் பின்னால் ஷம்சுநிஸா.
தண்ணீர்க் குழாயருகே இன்னொன்று,
இன்பராஜ் அதன்மேல் கையை வைத்தபடி.
பள்ளிக்கு மட்டம் போட்டுத் தியேட்டரில்
சந்தித்துக்கொண்டவர்கள் போலச் சிரித்தோம்.
போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை.
அங்கே ஒன்றும் தேவலோகமில்லை.
தண்ணீர்கூட நாமே கொண்டுபோக வேண்டும்.
வாசலில் ஒருவர் "வாங்க" என்பார்.
அடுத்த வாரம் பெயர் சொல்லி "வாங்க" என்பார்.

அரக்கோணம் தாண்டும்போது போன்.
"வேதநாயகிதானே? சந்தா பாக்கி கீது."
வேதவல்லி என்றேன்.
"சரி, அதான். இன்னிக்கு கமிட்டி மீட்டிங்கு.
இந்தக் காலத்து ஆளுங்களுக்கு
ஆர்வமே கொறஞ்சிபோச்சின்னு
செயலாளர் ரொம்ப வருத்தப்பட்டாரு."
அவர் குரலுக்குப் பின்னால்
தகடு தளர்ந்த விசிறி
டக், டக் என்று சுற்றுவது கேட்டது.

எனக்கு வரவேண்டிய சில்லறை
அறுநூற்றைம்பது இருக்கிறது,
அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் விசிறி மட்டும்.
பிறகு கேட்டார்:
"அது எதுல எழுதிக்கீது?"